நாற்பத்தொன்பதே முக்கால்

ஐம்பது அங்குல மஸ்கி மீன் ஒன்று பிடிக்காமல் இந்த வருஷம் படகைக் கரையேற்றுவதில்லை என்று டெல்பெர்ட் சபதம் எடுத்தான். சபதம் அவனுக்குப் புதிதில்லை. பத்தொன்பது வருஷமாக, ஏரியில் பனிக்கட்டி உருகியதும் எடுப்பான். ஏரி மறுபடி உறையும்போது மறந்துவிடுவான். இந்த வருஷம் செய்த தப்பு என்னவென்றால், அதைச் சமையலறையில் வைத்து மனைவி ஆர்லிஸ் காதில் விழும்படி எடுத்துவிட்டான்.

"அம்பது இஞ்ச் வந்தா என்ன பண்ணுவே?" என்றாள் ஆர்லிஸ், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"முன்னறைச் சுவர்ல மாட்டுவேன்."

"வரலேன்னா?"

"வராம எங்க போகும்?"

"பத்தொன்பது வருஷமா எங்க போச்சோ அங்கதான் போகும். வரலேன்னா அந்தச் சுவர்ல எனக்கு ஜன்னல். சம்மதமா?"

வீரத்தோடு பேசிக்கொண்டிருக்கும் மனுஷன் சம்மதமில்லை என்று எப்படிச் சொல்வான்? தலையை ஆட்டிவிட்டான். படகைக் கரையேற்றும் அக்டோபர் கடைசி சனிக்கிழமைதான் கெடு.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு இருப்பது ஒற்றைக் கையுறை ஏரியின் கரையில், வடக்கு விஸ்கான்சினில். ஏரி இருக்கும் பக்கம் மட்டும் ஜன்னல் கிடையாது. காற்று அடிக்கும் என்று டெல்பெர்ட்டின் அப்பா அப்படிக் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். மற்ற மூன்று சுவர்களிலும் மூன்று மான் தலைகள், பாடம் பண்ணின ஒரு காட்டுக்கோழி, கீரிப்பிள்ளை சாயலில் ஏதோ ஒன்று. நான்காவது சுவர் காலி. காலி என்றால் சுத்தக் காலி இல்லை. ஆணி அடித்தாகிவிட்டது. ஆணிக்கு மேலே ஒரு சின்ன விளக்கும் போட்டாகிவிட்டது. தினமும் சாயங்காலம் டெல்பெர்ட் அதை ஏற்றி, வெறும் சுவரை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இதற்கெல்லாம் மூலகாரணம் அவன் மச்சான் ரோலி, ஆர்லிஸின் அண்ணன். ரோலி வீட்டுக் கணப்புக்கு மேலே ஐம்பத்தோரு அங்குல மஸ்கி ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. நன்றித் திருநாள் விருந்தில் டெல்பெர்ட்டுக்கு வருஷா வருஷம் அதற்கு நேர்கீழே உள்ள நாற்காலிதான். வான்கோழியை அறுப்பதற்கு முன் ரோலி கேட்பான்: "என்ன மாப்ள, இந்த வருஷமாவது ஏதாவது மாட்டுச்சா?" அந்த ஏரி ஜனங்களுக்கு நாற்பத்தொன்பது அங்குலம் வரைக்கும் அது மீன். ஐம்பதைத் தொட்டால் பிடித்தவனே வேறு ஆள். தூண்டில் சாமான் கடையில் அவனுக்கு வழி விடுவார்கள்.

கடைசி சனிக்கிழமையும் வந்தது. பெரிய மீன் விழுந்தால் வலை போட ஒரு ஆள் வேண்டும். டெல்பெர்ட்டின் சிநேகிதர்கள் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து முதுகுவலி. கடைசியில் ஆர்லிஸ்தான் கம்பளித் தொப்பியும் பின்னல் ஊசியுமாகப் படகில் ஏறினாள்.

"எதிர்க்கட்சியைக் கூட்டிட்டுப் போறே, யோசிச்சுக்கோ" என்றாள்.

"நீ நேர்மையானவ, ஆர்லிஸ். மாதாகோவில் பாட்டுக்குழுவுல இருக்கே."

"அது சரி. பொய் சொல்ல மாட்டேன்" என்று பின்ன ஆரம்பித்தாள்.

காலையிலிருந்து தூண்டில் எறிந்தான். தோள் கழன்றுவிடும் போல எறிந்தான். ஒன்றும் இல்லை. மதியம் இரண்டு மணிக்குத் தூண்டிலைச் சுருட்டி, படகோரம் வழக்கம்போல் ஒரு எட்டுப் போட்டான். மஸ்கி என்பது சந்தேகப் பிராணி. இரைக்குப் பின்னாலேயே படகு வரை வந்து யோசித்துக்கொண்டு நிற்கும். அதனால் கடைசியில் கழியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வடிவத்தில் இழுக்க வேண்டும், நம் ஊரில் லைசென்ஸ் வாங்க எட்டுப் போடுவது போல. டெல்பெர்ட் இரண்டாவது எட்டின் இடுப்புக்கு வந்தபோது தண்ணீருக்கு அடியில் ஒரு பலகை திரும்பியது. பலகைக்கு வாய் இருந்தது.

"ஆர்லிஸ்! வலை! வலை! வலை!"

"ஒரு தடவை சொன்னா போதும்."

கழி வளைந்தது. படகு சுற்றியது. டெல்பெர்ட் ஒரு காலை உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்திலும் இன்னொரு காலைக் கம்பளி நூல்கண்டிலும் வைத்துக்கொண்டு கூத்தாடினான். ஐந்து நிமிஷம் கழித்து ஆர்லிஸ், குழந்தையைக் குளியல் தொட்டியிலிருந்து எடுப்பது போல, பதறாமல் வலையை அடியில் கொடுத்துத் தூக்கினாள். கொக்கியைக் குறடால் கழற்றினார்கள். மீன் வலைக்குள், தண்ணீருக்குள், படகை ஒட்டி நின்றது. பெட்டை மீன். நீளம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணால் அளக்க முடியவில்லை.

பத்தொன்பது வருஷம் இதற்காகத் தவம் கிடந்தவனுக்கு, வந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அடிச்சு வீட்டுக்குக் கொண்டு போயிடலாமா?" என்றான்.

"உன் மீன். உன் இஷ்டம்."

"பாடம் பண்ணி மாட்டினா அசல் தோல், அசல் பல்லு. ரோலி வாயைத் திறக்க முடியாது."

"முடியாது."

"ஆனா இந்தக் காலத்துல யாரு கொல்றா? சாமான் கடையில என்ன சொல்வாங்க?"

"'ஓ, அப்படியா'ன்னு சொல்வாங்க."

அந்தப் பக்கத்து ஜனங்கள் யாரையும் திட்ட மாட்டார்கள். "ஓ, அப்படியா" என்பார்கள். அதைவிடக் கேவலமாக ஒருத்தனைப் பேச அவர்களுக்குத் தெரியாது.

"அப்ப அளவு எடுத்துக்கிட்டு விட்டுடலாம். அந்த அளவுக்கு அச்சா ஒரு பொம்மை மீன் செஞ்சு தருவாங்க. எல்லாரும் இப்ப அதைத்தான் மாட்டுறாங்க."

"நல்ல யோசனை."

"ரோலி விரலால தட்டிப் பாப்பான். டொக் டொக்குன்னு. 'பிளாஸ்டிக்கா மாப்ள'ன்னு கேப்பான்."

"கேப்பான். எங்க அண்ணனாச்சே."

"சும்மா விட்டுட்டா?"

"புண்ணியம். ஆனா யாரும் நம்ப மாட்டாங்க."

"ஏன் எல்லாத்துக்கும் ஆமா போடுறே? எனக்குப் பயமா இருக்கு, ஆர்லிஸ்!"

"சீக்கிரம் முடிவு பண்ணு. அது மூச்சு வாங்குது பாரு."

"நானுந்தான் மூச்சு வாங்குறேன்!"

"உன்னை யாரும் சுவர்ல மாட்டப் போறதில்ல."

மீனின் செவுள் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக மூடுவதாக டெல்பெர்ட்டுக்குப் பட்டது. கொல்ல மனசில்லை. விடவும் மனசில்லை. இப்படியே யோசித்துக்கொண்டிருந்தால் அது தானாகவே செத்து, கொன்ற பாவமும் சேர்ந்து, மாட்டின பெருமையும் இல்லாமல் போய்விடுமோ என்று வேறு பயம். குளிர்காற்றிலும் வேர்த்துக் கொட்டியது.

ஆர்லிஸ்தான், மறுபடி எடுத்திருந்த பின்னலைக் கீழே வைத்தாள். "முதல்ல அளந்து பாரு. அம்பது இல்லேன்னா இவ்வளவு யோசனையும் தண்டம்தானே?"

இவ்வளவு தெளிவாக அவள் பேசினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இருபத்தாறு வருஷத்துத் தாம்பத்தியம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பாவம், அன்றைக்கு அவன் காதில் அவன் நெஞ்சு அடிப்பது தவிர வேறு எதுவும் விழவில்லை. அளவுப் பலகையைத் தண்ணீரில் நனைத்துப் படகில் குறுக்காக வைத்தான். இருவருமாக மீனைத் தூக்கிக் கிடத்தினார்கள். தலைப்பக்கம் அவன், வால்பக்கம் அவள். இலக்கம் இருப்பது வால்பக்கம்.

ஆர்லிஸ் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

"என்ன? என்ன? சொல்லித் தொலையேன்!"

"நாப்பத்தொம்பதே முக்கால்."

டெல்பெர்ட்டுக்கு உலகம் நின்றுவிட்டது.

"கண்ணாடி போட்டிருக்கியா?"

"மூக்கு மேல என்ன இருக்குன்னு நினைச்சே?"

"வாய் மூடியிருக்கா பாரு. வாயைத் திறந்துக்கிட்டிருந்தா அளவு தப்பும்."

"யார் வாய்?"

"மீன் வாய்!"

"அது உன் பக்கத்துல இருக்கு. நீயே பாத்துக்கோ."

பார்த்தான். மூடித்தான் இருந்தது. மூக்கும் பலகையில் கச்சிதமாக முட்டிக்கொண்டிருந்தது. அவனால் எட்டிப் பார்க்க முடியவில்லை. தலையை விட்டால் மீன் துள்ளிவிடும்.

"மறுபடி பாரு."

"நாப்பத்தொம்பதே முக்கால். நாளைக்கு எனக்குக் கண்ணு தெரியலேன்னு நீ சொல்லுவே. இரு, படம் எடுத்துடறேன்." கைப்பேசியில் டக்கென்று ஒரு படம். வால், பலகை, இலக்கம் எல்லாம் தெளிவாக விழுந்தது. மீனைத் திரும்ப வலைக்குள் விட்டார்கள்.

கால் அங்குலம்! ஒரு சுண்டுவிரல் நகம்! டெல்பெர்ட் வலையை இறுகப் பிடித்துக்கொண்டு குழைந்தான்.

"அம்பதுன்னே சொல்லிக்கலாமே, கண்ணு. ஒரு பேச்சுக்கு."

"தாராளமா சொல்லு. ஆனா அண்ணன் என்னைக் கேட்டா, பலகை காட்டினதைத்தான் நான் சொல்லுவேன்."

"நாப்பத்தொம்பதே முக்காலை மாட்டினா என்ன?"

"மாட்டலாமே. கீழே தகடுல அளவு போடுவாங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் 'ஐயோ, கால் இஞ்ச்ல போச்சே'ன்னு உன்னைத் தட்டிக் கொடுப்பாங்க. நீ சாகுற வரைக்கும்."

அந்தச் சமயத்தில் வலைக்குள் மீன் லேசாகச் சாய்ந்தது. வெள்ளை வயிறு தெரிந்தது.

"டெல்பெர்ட்!"

அதற்குப் பிறகு அவன் அங்குலத்தை நினைக்கவில்லை. சட்டைக் கையை மடக்காமலே கையைத் தோள் வரை அந்தப் பனித்தண்ணீருக்குள் விட்டான். வலையை இறக்கி, வாலடியைப் பிடித்து மீனை நேராக நிறுத்தினான். அது மறுபடி சாய்ந்தது. மறுபடி நிறுத்தினான். "போயிடாதே தாயி, போயிடாதே, தப்பு என்மேலதான், என்மேலதான்" என்று முனகினான். ஆர்லிஸும் குப்புறப் படுத்து மீனின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். இருவர் உதடும் நீலமாகிவிட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது.

"இவளுக்கு இருபது வயசாவது இருக்கும்" என்றாள் ஆர்லிஸ் மெதுவாக.

செவுள் அகலத் திறந்தது. வால் அவன் கைக்குள் ஒரு முறை முறுக்கியது. அடுத்த நொடியில் இருவர் முகத்திலும் ஒரு வாளி தண்ணீரை வாரி அடித்துவிட்டு மீன் ஆழத்துக்குள் இறங்கிப் போயே போய்விட்டது.

டெல்பெர்ட் அழுதான். ஏரித் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றான். ஆர்லிஸ் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த நிமிஷத்தில் அவனுக்கு அவள்மேல் வந்த அன்பு கொஞ்சநஞ்சமில்லை.

சாயங்காலம் படகைக் கரையேற்றினார்கள். அடுப்பிலிருந்து இறக்கின உருளைக்கிழங்கும் கறியுமாகச் சூடான தட்டு முன்னால் வந்தது. டெல்பெர்ட் உள்ளங்கால் வரை சூடேறி, மகான் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"தச்சர் திங்கட்கிழமை வராராம்" என்றாள் ஆர்லிஸ்.

"வரட்டும். வாக்குன்னா வாக்கு. கொல்லாம விட்டேன் பாரு, அதுதான் பெருசு. ரோலிக்கும் அந்தப் படத்தை அனுப்பு. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? கால் இஞ்ச் குறைஞ்சாலும் ஆம்பளையா ஒத்துக்குறேன்."

ஆர்லிஸ் கொஞ்சம் யோசித்தாள். "இப்பவே அனுப்பணுமா? தச்சர் வந்துட்டுப் போகட்டுமே."

"நேர்மையில தாமதம் கூடாது" என்று அவனே கைப்பேசியை எடுத்து அனுப்பிவிட்டான்.

இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் ரோலி கூப்பிட்டான். சிரிப்புச் சத்தம் முன்னால் வந்தது, பேச்சு பின்னால் வந்தது.

"யோவ் மாப்ள! வாலை விரிச்சுப் போட்டு எவனாவது அளப்பானா? ரெண்டு முனையையும் சேத்துப் பிடிச்சுல்லய்யா அளக்கணும்! முக்கால் இஞ்ச் கூடும்யா! அம்பதுக்கு மேல உள்ள மீனைத் தண்ணியில விட்டுட்டு வந்து நிக்கிறியே!"

டெல்பெர்ட்டின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. வாலின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும் என்பது அந்த ஏரிக்கரையில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேருக்கு அவனே பாடம் எடுத்திருக்கிறான்! மூக்கைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், வாலை மறந்துவிட்டான். போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"ஆர்லிஸ், வாலைச் சேத்துப் பிடிச்சு அளக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள் ஆர்லிஸ். "முதல்ல சேத்துத்தான் பிடிச்சேன். அம்பதரை வந்துச்சு. அதான் வாலை விட்டுட்டேன்."