அக்கா உட்கார்ந்தால் தூங்கிவிடும் கம்பியூட்டர்

தேயிலைத் தோட்டத்தில் ஒருவன் ஹட்டன் டவுனுக்குப் போய்க் கம்பியூட்டர் கோர்ஸ் படித்துவிட்டால், வயர் உள்ள எல்லாப் பொருளுக்கும் அவன்தான் பொறுப்பு. மிக்சி சுற்றவில்லை, டிவியில் புள்ளி விழுகிறது, கோயில் மைக் கத்துகிறது என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நானும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போவேன். (பாதிப் பொருள்கள் நான் போவதற்குள் தானாகவே சரியாகியிருக்கும். அந்தப் பெருமையும் எனக்குத்தான் வந்து சேர்ந்தது.)

இந்தப் பெருமை முழுவதும் மண்ணாய்ப் போன கதைதான் இது.

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம். அப்பா தோட்டத்தில் கண்டாக்கு, அதாவது வேலை வாங்கும் மேற்பார்வையாளர். மலையில் கொழுந்து பறிக்கும் அத்தனை பேரையும் ஒரே சத்தத்தில் திரும்பிப் பார்க்கவைக்கும் தொண்டை அவருக்கு. வீட்டுக்குள்ளும் அதே தொண்டைதான். அக்கா ஸ்டெல்லா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் ஹோட்டல் வேலை, அவருடைய அம்மா தலவாக்கலையில். நல்ல குடும்பம் என்று பங்குச் சாமியாரே சொன்னதால் அப்பா பாதிக் கல்யாணத்தை மனதுக்குள் முடித்துவிட்டார்.

பெண் பார்க்க அவர்கள் வரவேண்டிய வாரம் மழை பிடித்துக்கொண்டது. ரோடு ஒரு பக்கம் சரிந்து, பஸ் நின்றுபோனது.

"வீடியோ கோல்ல பாத்துருவோமே" என்றார் அப்பா. "போன்ல போடு."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"போன்லயா? சின்னூண்டு படத்துல பொண்ணு பாக்குறதாப்பா? நம்ம கம்பியூட்டர் இருக்கும்போது?"

நம்ம கம்பியூட்டர் என்பது நான் ஹட்டனில் பழையதாக வாங்கி, அரிசி மூட்டையோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த டெஸ்க்டாப். அதை முன்னறை மேசையில் வைத்து, கெமராவைத் துடைத்து, பின்னால் மாதா படம் தெரிகிற மாதிரித் திருப்பினேன். அக்கா நீலச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவும் அம்மாவும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் ஒரு பக்கம் மாப்பிள்ளை, இன்னொரு பக்கம் அவருடைய அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு டீச்சர்னாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வேலய விட்டுரும்தானே?" என்றார்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். திரை கறுத்தது. பெட்டிக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்த காத்தாடி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"கரண்டா?" என்றார் அப்பா. தலைக்கு மேலே லைட் எரிந்துகொண்டிருந்தது.

"ஸ்லீப் மோட் அப்பா. தூங்கிருச்சு. சும்மா இருந்தா தானா தூங்கும்."

"சும்மாவா இருந்துச்சு? பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்?"

நியாயமான கேள்வி. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. பட்டனை அமுக்கி எழுப்பி, மீண்டும் அழைத்து, மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்வோம் என்று முடித்தோம்.

அந்த வாரம் நான் சோற்றைக்கூடக் கம்பியூட்டர் முன்னால்தான் தின்றேன். செட்டிங்குக்குள் போய், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தூங்கவேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்று போட்டேன். ஸ்க்ரீன் சேவரைக் கழற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். ஹட்டன் கடையில் இருந்த என் சிநேகிதன் நிமலுக்குப் போன் போட்டேன். அவன் எதையும் பார்க்காமலே, "டிரைவர் அவுல் மச்சான்" என்றான். பாகங்களை ஓட்டும் டிரைவர் புரோகிராம் குழம்பிக் கிடக்கிறதாம். எல்லா டிரைவரையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். இப்போது சத்தம் வரவில்லை. சத்தத்தை வரவைத்தபோது கெமரா போனது. கெமரா வந்தபோது எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் தெரிந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வின்டோஸைப் புதிதாகப் போட்டேன். அப்பா சேர்த்துவைத்திருந்த கோயில் திருவிழாப் படங்கள் அதில்தான் இருந்தன என்பது, போட்டு முடித்த பிறகு ஞாபகம் வந்தது.

ஆனால் ஒன்று. நான் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது அது கண்ணை மூடவே இல்லை. காலையில் போட்டுவிட்டுத் தோட்டம் பூராவும் சுற்றி வந்தாலும் முழித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு பூசைக்குப் போகாமல் அதன் முன்னால் முழந்தாளிட்டுப் பார்த்தேன்.

"சாமிக்கு முன்னுக்குப் போடச் சொன்னா பெட்டிக்கு முன்னுக்கு முட்டி போட்டுருக்கான்" என்றார் அம்மா.

அன்று பகல் இரண்டாவது அழைப்பு. மாப்பிள்ளையின் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "அன்னக்கிக் கேட்டேனே, வேலயப் பத்தி..."

கறுத்தது. பெருமூச்சு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே. சமையல்கட்டுக்குப் போய், தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்று அழுதேன். அப்பாவின் சத்தம் பின்னாலேயே வந்தது.

"என்னாடா படிச்ச அங்க? அவுங்க என்னா நெனப்பாங்க? கேள்வி கேட்டதும் கட் பண்ணிட்டு ஓடுறோம்னு நெனக்க மாட்டாங்களா?"

இன்னும் ஒரு தடவை பேச அவர்கள் சம்மதித்தது பெரிய மனசு. அதற்குள் நான் பயாஸ் என்கிற ஆழத்துக்கும் இறங்கிவிட்டேன். கம்பியூட்டர் கண் விழிக்கும் முன்னாலேயே அதன் மூளைக்குள் போய் நோண்டுகிற இடம் அது. எதையோ மாற்றினேன். அதன் பிறகு, தூங்கினால் எழும்பாது என்ற புது வியாதியும் சேர்ந்தது. காத்தாடி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். கரண்டைப் பிடுங்கித்தான் பிழைக்கவைக்க வேண்டும். மாற்றியதைத் திருப்பி மாற்றலாம் என்றால், எதை மாற்றினேன் என்று தெரியவில்லை.

மூன்றாவது அழைப்பின்போது நான் மேசைக்குப் பக்கத்தில், கெமராவில் படாதபடி, தரையில் உட்கார்ந்துகொண்டேன். பெட்டியின் லைட்டை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு. என் மூக்குக்கு நேரே கீபோர்ட் வைக்கிற இழுப்புப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் அக்காவின் மடி.

மாப்பிள்ளையின் அம்மா பேசினார். "இங்க பாருங்க, எங்க வீட்டுல பொம்பளப் புள்ளைங்க வேலைக்குப் போறதில்ல. அத மட்டும் இன்னக்கிச் சொல்லிருங்க."

"அதெல்லாம் விட்டுரும்ங்க..." என்று அப்பா ஆரம்பித்தார்.

அக்காவின் கை சேலை முந்தானையை இழுத்துவிடுகிற மாதிரி வந்தது. அப்படியே கீபோர்டின் மேல் மூலைக்கு நகர்ந்தது. அங்கே யாரும் தொடாத மூன்று சின்னப் பட்டன்கள். நடுவில் உள்ளதில் பிறை நிலா. என் கண் முன்னாலேயே அவள் சுண்டுவிரல் அந்த நிலாவை அமுக்கியது.

திரை கறுத்தது.

டிரைவரைச் சந்தேகப்பட்டேன், வின்டோஸைச் சந்தேகப்பட்டேன், ஒரு கட்டத்தில் கரண்டுக் கம்பத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். தினமும் விரல் படும் கீபோர்டைச் சந்தேகப்படவில்லை. அக்காவை எப்படிச் சந்தேகப்படுவேன்?

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டும் அந்த முகம் இல்லை. பயந்துபோயிருந்தாள். அப்பாவிடம் 'மாட்டேன்' என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான் போலிருக்கிறது.

"என்னாடா ஆச்சு?" என்றார் அப்பா.

"மறுபடியும் தூங்கிருச்சுப்பா" என்றேன். "நான் என்னத்தயோ தப்பா மாத்திட்டேன் போல."

அடுத்து அப்பா பேசியதை இங்கே எழுத முடியாது. மலை பூராவும் கேட்டது. எழுப்பலாம் என்று பார்த்தால் கம்பியூட்டர் வழக்கம்போல எழும்பவில்லை. போனில் கூப்பிட்டால் தலவாக்கலையில் எடுக்கவில்லை. சாயந்தரம் சாமியார் வழியாகச் செய்தி வந்தது: வேறு இடம் பார்க்கிறார்களாம்.

அதற்குப் பிறகு மிக்சி கெட்டாலும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கோயில் மைக் கத்தினால், "அவன் வர்றதுக்குள்ள ஓஃப் பண்ணுங்க" என்றார்கள்.

அக்கா வேலையை விடவில்லை. பிறகு கூடப் படிப்பிக்கும் வாத்தியாரையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு மறுநாள், கையில் மருதாணியோடு அப்பா முன்னால் போய் நின்று, "அன்னைக்கி ஓஃப் பண்ணுனது நான்தாம்ப்பா. தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லியும்விட்டாள். எனக்குக் கண் கலங்கியது. என் மானம் திரும்பி வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பா டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "தம்பிய விட்டுக்குடுக்க மாட்டாளே" என்று அவள் தலையைத் தடவினார். "பொய் சொல்றதுக்குக்கூட எங்க புள்ளைக்குத் தெரியல."

அவ்வளவுதான். என் வழக்கு அத்தோடு தள்ளுபடி.

போன மாதம் என் மகளுக்கு ஞானஸ்நானம். வீடு நிறையச் சனம். குழந்தை தூங்காமல் வீறிட்டது. என் மனைவி ஆட்டினாள், அம்மா தாலாட்டினார், நடக்கவில்லை. அப்பா மூலையிலிருந்து அதே தொண்டையில் சொன்னார்: "அவன்கிட்ட குடுங்க. அவன் கை வச்சா எதுன்னாலும் தூங்கிரும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காதான் அதிகமாகச் சிரித்தாள். நான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பொழுது சாயும் வரை முன்வாசலில் நடந்தேன். அவள் தூங்கவே இல்லை.