அக்கா கல்யாணத்தில் நான் அடித்த சாவு மணி

எனக்குச் சந்தேகம் ஜலதோஷம் மாதிரி. வந்துவிட்டால் சுற்றியிருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது.

எங்கள் கிறிஸ்தவ ஆலயம் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரே கிராமத்துக்காரர்கள். அந்த ஊரில் வயலில் நின்றவர்களுக்கு ஆலய மணிதான் செய்தி சொல்லும். விடாமல் அடித்தால் கல்யாணம். நிறுத்தி நிறுத்தி ஒற்றையாக அடித்தால் சாவு. கப்பலேறியபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். (இதையெல்லாம் ஆண்டுவிழா மலரில் எழுதியதே நான்தான். அதுதான் பெரிய வெட்கக்கேடு.)

மணியடிப்பவர் அருளப்பன் அங்கிள். சாங்கி ஏர்போர்ட்டில் கார்கோ வேலை. ஒரு ஞாயிறு காலை மணி கணீரென்று ஒலிக்கிறது. அவரோ வாசலில் நின்று தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கிறார்!

“அங்கிள், மேல யாரு அடிக்கிறா?”

“அது தானா அடிக்கும் லா,” என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் போதாதா? மணியை விற்றுவிட்டு ஸ்பீக்கரில் ஏதோ பதிவை ஓடவிடுகிறார் என்று முடிவுகட்டினேன்.

அக்கா கல்யாணத்தன்று, மணப்பெண் கார் வருவதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டுமென்று மணிக்கோபுரத்தில் ஏறினேன். ஸ்பீக்கரைக் காணோம். ஒரு கயிறு மட்டும் தொங்கியது. (அதுவும் சும்மா அலங்காரத்துக்கோ என்னவோ!) லேசாக இழுத்துப் பார்த்தேன்.

டங்!

பதறிப்போய்க் கயிற்றை விட்டேன். ஆடிய மணி திரும்பி வந்தது. டங்! பிடித்து நிறுத்தப் பார்த்தேன். கயிறு என்னையே மேலே தூக்கியது. டங்!

கீழே பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ விசும்பினார்கள். எல்லாத் தலைகளும், இருதய ஆபரேஷன் முடிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சூசை சித்தப்பா பக்கம் திரும்பின.

“என்னை ஏன் பாக்குறீங்க? நான் இங்கதான் இருக்கேன் லா!” என்று அவர் கத்தியது கோபுரம்வரை கேட்டது.

வந்து நின்ற காரிலிருந்து அக்கா இறங்க மறுத்தாள். “யாரு போயிட்டாங்க? எங்கிட்ட மறைக்கிறீங்க!” கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று மாப்பிள்ளையின் அப்பா போதகரிடம் கேட்கவே தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார் மெர்சி ஆன்ட்டி, அருளப்பன் அங்கிளின் மனைவி. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

“கயித்த விடு தம்பி! அவருக்குத் தோள்ல வலி. கொஞ்ச நாளா நான்தான் அடிக்கிறேன். கமிட்டிக்குத் தெரிஞ்சா வேற ஆள் போட்ருவாங்கன்னு சொல்லல.”

சொல்லிக்கொண்டே கல்யாண மணியைப் பொழிந்து தள்ளினார். அக்கா இறங்கினாள். (முதலில் தேடியது மாப்பிள்ளையை அல்ல, என்னைத்தான்.) அந்த வாரமே கமிட்டி மெர்சி ஆன்ட்டியை முறைப்படி மணியடிக்க நியமித்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எனக்கு இருபுறமும் காவல். என் கல்யாணத்திலும் சூசை சித்தப்பா ஒரு கையையும் அத்தான் இன்னொரு கையையும் பிடித்தபடியேதான் பீடம்வரை நடத்திப்போனார்கள். பெண் வீட்டார் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்: இந்த மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வருகிறார்களே, இஷ்டமில்லையோ?

எவ்வளவோ விளக்கிவிட்டேன். என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.