கரடியூரில் புகை வரவில்லை

தங்களைப் புத்திசாலிகள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களிடம் ஆய்வு வேலை எதையும் கொடுக்கக் கூடாது. நான் அப்படி நம்பிக்கொண்டிருந்த வயதில் கொடுத்துவிட்டார்கள்.

ஏற்காட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. காட்டில் விறகு வெட்டுவதைக் குறைக்க எந்த வழி நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். கரடியூரில் விறகு எரித்தால் அபராதம். செம்மநத்தத்தில் வீட்டுக்கொரு கரண்ட் அடுப்பு இலவசம். மாரமங்கலத்தில் வெறும் பிரச்சாரம் (அதாவது நான் மைக்கில் பேசுவேன், டீயும் பன்னும் தீர்ந்ததும் கூட்டமும் கலைந்துவிடும்). எது ஜெயிக்கிறதோ அதையே மூன்று ஊரிலும் கொண்டுவருவதாக ஏற்பாடு.

என் ஆய்வு முறை மிக எளிது. கடைசி பஸ்ஸைத் தவறவிடாத தூரத்தில் நின்றுகொண்டு கூரைமேல் புகை வருகிறதா என்று பார்ப்பேன். (படித்தது என்னவோ முதுகலை.) கரடியூரில் துளிப் புகை இல்லை. செம்மநத்தத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் புகை. "மக்களுக்கு இலவசத்தின் அருமை தெரிவதில்லை" என்று அறிக்கையில் எழுதி, அந்த வரியை நானே ரசித்துப் படித்தேன். இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அறிக்கையைப் படித்த கூட்டத்தில் வனத்துறை அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "அபராதம்தான் சரிப்படும்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அங்கேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னைப் பாராட்டித்தான் தட்டுகிறார்கள் என்பதை மறந்து நானும் தட்டினேன்.

மறுநாள் செம்மநத்தத்தில் அபராதத்தை அறிவிக்கப் போனேன் (நானே கேட்டு வாங்கிய வேலை!). முதல் வீட்டில் பாப்பாத்தி அக்கா விறகடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க குடுத்த அடுப்பு எங்கக்கா?"

"அதா? கரடியூர்ல எம் மவ ஊட்ல இருக்குது கண்ணு. அங்க வெறகு எரிச்சா அபராதம்னு புள்ள நொம்ப அழுதுச்சு. வெத்தல பாக்கு, பழமெல்லாம் வெச்சு, சீராக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தோமுங்க."

"மத்தவங்க அடுப்பு?"

"எங்கூருப் புள்ளைங்களத்தானுங்க அங்க கட்டிக் குடுத்திருக்குது. எல்லா அடுப்பும் அங்க போயிருச்சு. எங்களுக்கென்னங்க, இங்கதான் அபராதம் இல்லையே!"

இனி இங்கும் அபராதம் என்பதை எப்படியோ சொன்னேன். அக்கா கிண்டுவதை நிறுத்தினார்.

"ஏனுங்க கண்ணு, அப்பறம் நாங்க எதுல ஆக்கறது?"

"அடுப்பைத் திரும்ப வாங்கிக்கலாமேக்கா..."

"பொண்ணுக்குக் குடுத்த சீர யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?"

அப்படியே திரும்பி அதிகாரியிடம் ஓடினேன். கரடியூரில் ஜெயித்தது அபராதம் மட்டுமில்லை, செம்மநத்தத்து அடுப்பும்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஏம்மா, நேத்து நீயும்தான கைதட்டுன?"

அதற்குப் பிறகு எழுதிய கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. வேலையை விட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இந்தக் கதையை என் கணவரிடம் சொல்லித் தொலைத்தது அடுத்த முட்டாள்தனம். மகள் தானாகப் புத்தகத்தை எடுத்தாலும் சரி, நான் காலையில் சீக்கிரம் எழுந்தாலும் சரி, "யாரு அபராதம் போட்டது?" என்பார். வீடே சிரிக்கும், நானும் சிரித்துவைப்பேன். செம்மநத்தத்தில் அபராதத்தை இன்னும் எடுக்கவில்லை.