பிடித்துக்கொண்ட ஹேண்ட்பிரேக் குறித்து அண்ணாவுக்கு

என் மரியாதைக்கும், கடந்த ஐந்து நாட்களாகக் கோபத்துக்கும் உரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. மேட்டில் நானும் நாற்றுகளும் சௌக்கியம். பள்ளத்தில் உங்கள் முழங்காலும் அண்ணியின் தூக்கமும் சௌக்கியமாக இருக்கட்டும். ஒரே தெருவில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பீர்கள். போன் செய்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிண்ணா" என்று சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் கடிதம்.

அப்பா விட்டுப்போன ஜீப்பின் ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக, இன்று பதினோரு மணிக்குப் பழைய இரும்புக்காரரை அனுப்பப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். "நகராத வண்டிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? நாத்துப் பண்ணைய மூடிட்டு எங்க வீட்டு மாடி ரூம்ல நிம்மதியா இரு" என்றீர்கள். அண்ணா, அந்த மாடி அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் உங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் வரமாட்டேன். மலைத்தோட்டங்களுக்கு நாற்று ஏற்றிப்போக நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எனக்கு அது ஒன்றுதான். அது போனால் என் பண்ணை போயிற்று. ஆனால் போகாது, ஏனென்றால் வண்டி நகர்ந்துவிட்டது!

அது நகராமல் போனதற்கான காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் அதை இந்தச் சரிவில் நிறுத்தியது யார்? "பொம்பளைங்க இழுத்தா பிரேக் பிடிக்காது, இப்படி இழுக்கணும்" என்று இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தது யார்? ஒன்றரை மாதம் மழை கொட்டியது, ரோடு அடைபட்டது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மழை விட்டதும் லிவரை இறக்கினால் லிவர் இறங்குகிறது, பிரேக் விடவில்லை. கியர் போட்டால் எஞ்சின் ஓர் உறுமல் உறுமிவிட்டு அணைகிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எதைச் சரிசெய்தாலும் "இது டெம்பரரிதான்" என்று சொல்லிச் சொல்லியே டெம்பரரி என்று பெயராகிப்போனவர். "ஹேண்ட்பிரேக்னா பின்சக்கரத்துலதான்க்கா இருக்கும், வேற எங்க போயிடும்?" என்று இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றி மூன்று நாள் சுத்தியால் அடித்தார். அங்கே இருந்த பிரேக் புதுசு போல இருந்தது. அதற்கும் சேர்த்து அடி. மூன்றாம் நாள் மாலை "வண்டிக்கே மனசில்லக்கா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன். லிவரிலிருந்து போகிற கம்பியை, வேரைத் தேடுகிற மாதிரி, விரலால் தடவிக்கொண்டே போனேன். அது சக்கரம் வரைக்கும் போகவே இல்லை அண்ணா! வண்டியின் வயிற்று நடுவில், கியர்பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகிற நீள இரும்புத் தண்டின் தலைமாட்டில் ஒரு டிரம். ஹேண்ட்பிரேக் அதற்குள் குடியிருக்கிறது. இந்த மாதிரிப் பழைய ஜீப்புகளில் அப்படித்தானாம்.

பிரேக் பட்டையும் டிரம்மும் துருவேறி ஒரே உடம்பாக ஒட்டிக்கிடந்தன. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தேன். மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். திரும்பி வந்த டெம்பரரி குனிந்து பார்த்து, "கழட்டினா மறுபடி மாட்டத் தெரியாதுக்கா" என்றார். "யாருக்கு?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு டார்ச் பிடித்தார். இன்று காலை 'டக்' என்று ஒரு சத்தம், பிரேக் விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரம்மைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டி, டெம்பரரியை அனுப்பிவிட்டு, தெருவை மூன்று முறை சுற்றினேன். உங்கள் வாசலில் நீளமாக ஹாரன் அடித்தது நான்தான்.

ஆகவே இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாடி அறையில் வெங்காயம் காயப் போடுங்கள். உங்கள் உதவி எனக்கு இனி எதற்கும் தேவைப்படாது. நீங்கள் மேட்டுப் பக்கம் வரவே வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. மூத்தவர் என்பதால் ஆசீர்வாதம் மட்டும் அனுப்பிவையுங்கள், ஆலோசனை வேண்டாம்.

இப்படிக்கு,
எவருக்கும் பாரமில்லாத தங்கை

பி.கு.: இந்தக் கடிதம் முழுவதையும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கால் பிரேக்கை மிதித்தபடியே எழுதியிருக்கிறேன். மூன்றாவது சுற்று முடிந்து என் வாசலில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி அதைச் சட்டைசெய்யாமல் சரிவில் இறங்கப் பார்த்தது. மறுபடி துரு பிடிக்கக் கூடாதென்று பிரேக் பட்டைக்கும் தாராளமாக எண்ணெய் தடவியிருந்தேன். அங்கே ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது என்பது இப்போது புரிகிறது. கியரில் நிறுத்தலாமே என்பீர்கள். நான்கு சக்கரத்துக்கு மாற்றுகிற குட்டி லிவர் நியூட்ரலில் இருக்கும்போது கையோடு வந்துவிட்டது, எந்தக் கியரும் வண்டியைப் பிடிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில், சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த கற்களை வேலிக்கு அப்பால் வீசிவிட்டேன். போன் வீட்டுக்குள் அடிக்கிறது, நீங்களாகத்தான் இருக்கும். தெருவில் இறங்கி வருகிற தபால்காரரிடம் வண்டியிலிருந்தே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், அவரிடமே கல் கேட்கலாம். கேட்டால் தெருவே கூடிவிடும். நான் தோற்றதைப் பார்க்க நீங்கள் ஒருவர் போதும். பெரிய கல்லாக இரண்டு எடுத்துக்கொண்டு, இரும்புக்காரர் வருவதற்குள் வாருங்கள். கால் மரத்துப்போகிறது, ஓடி வாருங்கள் அண்ணா. கல்லை வைத்த பிறகு சண்டையைத் தொடருவோம்.