பாலம் முடிந்தது, ஒரு கல் மிச்சம்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இன்று மாலைவரை சௌக்கியம். நாளைக் காலைக்குப் பிறகு எப்படி என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன்.

"சும்மாதானே இருக்கே, மேற்பார்வை பாரு" என்று எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பழைய கல்பாலத்தில் என்னைக் கோத்துவிட்டதே நீங்கள்தான். முன்பு யாரோ புண்ணியவான் சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசியதில், உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வளைவே தொங்கிவிட்டது. அதனால் அடியில் மரமுட்டுக் கொடுத்து, வளைவுக் கற்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பதாக ஏற்பாடு. என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதாம், மேஸ்திரி சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். நானும் பெருமையாக எழுதினேன். கற்களை எங்கள் கொல்லையில் அடுக்கினோம். மழை வந்து பாதி எண்களைக் கழுவிவிட்டது. வெறுமனே கிடந்த கற்களுக்கெல்லாம், பிரிக்கும் முன் வரைந்து வைத்த படத்தைப் பார்த்து மறுபடி எழுதினேன். எழுத வேண்டிய எண்கள் தீர்ந்துவிட்டன அத்தான், ஒரு கல் தீரவில்லை!

மழையில் கல் குட்டி போடுமா? மேஸ்திரியிடம் கேட்டால் சிரிக்கிறார். "எல்லாம் கச்சிதமா உக்காந்துடுச்சு சார். மிஞ்சுனா மிஞ்சட்டும். நாளைக்கு முட்டு எடுக்கறப்ப எண் போட்டவர்தான் அடியில நிக்கணும், அது எங்க வழக்கம். வந்துடுங்க" என்கிறார். வேலை தொடங்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் என் கையெழுத்து கோழி கிளறியதுபோல ஆகியிருக்கும்.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா? துவைக்கிற கல்லைக் காணோமாம். "கொல்லையில கண்டவனை விட்டீங்களே, என் கல்லு எங்கே?" என்று உங்கள் தங்கச்சி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. உயிரே ஊசலாடும்போது துவைக்கிற கல்லா பெரிசு?

இந்தக் கடிதம் உங்களுக்கு நாளை மறுநாள்தான் கிடைக்கும் என்பது தபால்காரனான எனக்கே தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், கொஞ்சம் கூடுதலாகவே.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உங்கள் மைத்துனன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் காலை ஆகிவிட்டது. மரமுட்டுகளை எடுத்துவிட்டார்கள். ஒரு பொடிக்கல்கூட விழவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது யாரோ பக்கத்தில் வந்து கையைப் பிடித்தார்கள். பார்த்தால் உங்கள் தங்கச்சி! அவள் மேலே பார்த்தாள். பிடி இறுகியது. "அதோ, உச்சியில! சோப்பு வழவழப்பு மாறாம இருக்கு பாருங்க, என் கல்லு!" என்றாள். அதை உருவினால் பாலம் இறங்கிவிடும் என்கிறார் மேஸ்திரி. மிஞ்சிய கல்லைக் கொடுத்தோம். அதன் சொரசொரப்பில் துணி கிழிகிறதாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பாலத்துக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். நல்ல துவைக்கிற கல்லோடு உடனே வரவும்.