ஒண்ணரைச் சுற்றா, இரண்டு சுற்றா?

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் சுகம். அப்பாவும் சுகமாக இருந்ததாகப் போன வாரம் வரை அம்மா மூலம்தான் அறிந்து வந்தேன். அங்கு நீயும் மாமாவும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். தாளில் அது முடியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு முழுவதையும் படி.

விஷயம் ஒன்றுதான். உன் பழைய மோட்டார் சைக்கிளைப் பல் டாக்டருக்குக் கொடுக்க முடியாது. கல்யாணமாகிப் போகிற அன்று சாவியை என் கையில் வைத்து "பாத்துக்கடா" என்றாய். "பாத்துக்கிட்டு எதிர்வீட்டு டாக்டர்கிட்ட தள்ளி விட்டுடுடா" என்று சொல்லவில்லை. போன மாதம் அப்பா கேட்டதும் "சரிப்பா, தாராளமா" என்றாயாமே? உனக்கு விவரம் தெரியுமா? டாக்டர் அதை ஓட்டுறதுக்குக் கேக்கலக்கா. கிளினிக்குல, ஜனங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ரூம்ல, அழகுக்கு நிறுத்தி வைக்கப்போறாராம். சீட்டு மேல பூந்தொட்டி வைப்பாராம். இஞ்சு டேப் கொண்டுவந்து சீட்டை அளந்துட்டுப் போயிட்டாரு! மழையில முட்டளவு தண்ணியில நீ பரீட்சைக்கு ஓட்டிட்டுப் போன வண்டி. அதுக்கு மேல பூந்தொட்டி!

நான் காலேஜை விட்டதுலேருந்து நாலு மாசமா அப்பா என்கிட்ட பேசுறதில்லன்னு உனக்குத் தெரியும். நானும் பேசுறதில்ல. நடுவுல அம்மாதான் தபால். என் எதிர்லயே உக்காந்துக்கிட்டு "அவனைச் சாப்பிட வரச் சொல்லு"ம்பாரு. "பாதி சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்கம்மா"ன்னு நான் சொல்லுவேன். இந்த நிலைமையிலதான் ஒரு பார்சல் கம்பெனியில என்னை எடுத்துக்கிறதா சொன்னாங்க. ரெண்டே கண்டிஷன். சொந்த வண்டி வேணும், காலையில ஆறரைக்கு அங்க நிக்கணும். சொந்த வண்டி இருக்கு. ஆனா ஆறரைக்கு அது வராது.

அதோட வியாதி என்னன்னா, சாயந்திரம் ஒரே உதையில கிளம்பும். தெருவைச் சுத்திக் குதிரை மாதிரி ஓடும். காலையில சோக்கை இழுத்து உதைச்சா, கிளம்பி, நான் ஹெல்மெட் பட்டையை மாட்டுறதுக்குள்ள ரெண்டு இருமல் இருமி நின்னுடும். அதுக்கப்புறம் முட்டி கழண்டாலும் மூச்சு விடாது. "குளிருக்குக் கார்புரேட்டர் மக்கர் பண்ணுது"ன்னாரு மெக்கானிக். மத்தியானம் அவர் கடைக்குத் தள்ளிட்டுப் போனா, அவர் அங்க இங்க தொட்டுப் பார்த்துட்டு உதைச்சதும் முதல் உதையில கிளம்புது. "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, நீ காலையில கொஞ்சம் லேட்டா எந்திரியேன்"னு வைத்தியம் சொல்லி அனுப்பிட்டாரு.

அப்பா அம்மாகிட்ட கெடு சொல்லி அனுப்பினாரு. மூணு வாரம் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை, காலை ஆறு மணி. மூணே உதை. தெருமுனை வரைக்கும் நிக்காம போயிட்டு வரணும். வந்தா வண்டியும் வேலையும் என்னோடது. வரலன்னா வண்டி பூந்தொட்டிக்கு, நான் காலேஜுக்கு. "சரின்னு சொல்லுங்கம்மா"ன்னேன்.

அன்னிலேருந்து மூணு வாரம் நான் அந்தக் கார்புரேட்டரைக் கழட்டின கணக்குக்கு, இப்ப கண்ணைக் கட்டி விட்டாலும் கழட்டுவேன். முதல்ல டேங்குலேருந்து பெட்ரோல் இறங்குற குழாய்த் திருகை, அதான் பெட்ரோல் டேப்பை, மூடணும், இல்லன்னா கையெல்லாம் பெட்ரோல். ஒவ்வொரு தடவையும் கை வச்சுப் பார்த்தா அது ஏற்கெனவே மூடியிருக்கும். யோசிக்காமலே மூடுற அளவுக்கு நம்ம கை பழகிடுச்சேன்னு எனக்கே ஒரு பெருமை. உள்ளாற பெட்ரோல் போற ஓட்டையோட ஜெட்டுன்னு ஒண்ணு, மூக்குத்தித் திருகாணி சைஸ். ஒரு தடவை அது தெறிச்சு அம்மா துணி ஊறவச்ச பக்கெட்டுல விழுந்து, பக்கெட்டைக் கவுத்து, டீ வடிகட்டியால வடிகட்டி எடுத்தேன். அந்த வடிகட்டியில அடுத்த நாள் அப்பாவுக்கு டீ வடிஞ்சது. "டீயில என்ன வாசனைன்னு கேளு"ன்னாரு. "புது டீத்தூள்னு சொல்லுங்கம்மா"ன்னேன். வண்டி நிக்கிறது சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழயா, அம்மா தினமும் "அடுப்புப் பத்த வைக்கவே பயமா இருக்குடா, வீடே பெட்ரோல் பங்க்கு மாதிரி நாறுது"ன்னு ஒரே புலம்பல். ஜெட்டை ஊதினேன், கம்பி விட்டுக் குத்தினேன், பிளக்கைத் தேய்ச்சேன், ஏர் ஃபில்டரை மாத்தினேன். சாயந்திரம் பூட்டி, டேப்பைத் திறந்து, உதைச்சா குதிரை. காலையில இருமல்.

இதுல இன்னொரு மர்மம். ஏர் ஸ்க்ரூன்னு ஒண்ணு இருக்கு, எவ்வளவு காத்து உள்ள போகணும்னு வைக்கிறது. முழுசா மூடிட்டு ஒண்ணரைச் சுத்து திறக்கணும்னு வண்டியோட கூட வந்த புக்குல போட்டிருக்கு. ராத்திரி ஒண்ணரை வச்சா காலையில ரெண்டு இருக்கு. உன் அலமாரியிலேருந்து சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்துக் கோடு போட்டேன் (தீந்துபோச்சு, திட்டாதே). காலையில கோடு எங்கேயோ திரும்பியிருக்கு. பல் டாக்டர் மேல சந்தேகம். சனிக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்குத் தண்ணி டிரம்முக்குப் பின்னாடி பதுங்கினேன். வண்டிகிட்ட ஒரு உருவம் வந்துச்சு. வாக்கிங் ஷூ, தலையில மஃப்ளர், கையில என் ஸ்க்ரூடிரைவர். யாருன்னு நினைக்கிற?

"யார்ரா அது?"ன்னாரு அப்பா. நாலு மாசத்துல நேரா என்கிட்ட பேசின முதல் பேச்சு.

"இந்த வீட்டுப் பையன்தான். ஸ்க்ரூவைத் திருகுறது நீங்கதானா?"

"ஒண்ணரை வச்சா எப்படிடா ஓடும்? ரெண்டு வைக்கணும், ரெண்டு!"

"புக்குல ஒண்ணரைன்னு போட்டிருக்கு."

"புக்கா! புக்கைப் பார்த்தாலே காத தூரம் ஓடுறவன், இதுக்கு மட்டும் புக்கு படிச்சியாக்கும்?"

"நீங்க வாழ்க்கையில மோட்டார் சைக்கிளே ஓட்டினதில்லையேப்பா!"

"ஓட்டல. மூணு வாரமா ஜன்னல்ல நின்னு கேக்குறேன்ல? அது காத்துக்குத் தவிக்குது. சத்தத்துலயே தெரியுது."

"கெடு வச்சதே நீங்க. அதை எதுக்கு நீங்களே ரிப்பேர் பண்றீங்க?"

டார்ச்சை என் கையில திணிச்சாரு. "லைட்டை நேராப் பிடி"ன்னாரு.

அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் ரெண்டு பேரும் கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் உள்ள போய்ப் படுத்துடுச்சு. கடைசியில சமரசம்: ஒண்ணேமுக்கால். அம்மா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பவே நிம்மதியா இருந்தேன், தலை வெடிக்குது"ன்னு மாத்திரை போட்டுக்கிட்டு ஏழு மணிக்கே படுத்துட்டாங்க.

ஞாயித்துக்கிழமை ஆறு மணி. டாக்டர் குட்டி யானை லோடு வண்டியோட, கயிறோட, தூக்குறதுக்கு ரெண்டு ஆளோட ரெடி. முதல் உதை, ஒண்ணுமில்ல. ரெண்டாவது, ஒரு செருமல். டாக்டர் கயிறைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. மூணாவது உதை, பிடிச்சுக்கிச்சு! ஹெல்மெட்டை மாட்டினேன், நிக்கல. நம்பிக்கையில்லாம கழட்டித் திரும்ப மாட்டினேன், அப்பவும் நிக்கல. தெருமுனைக்குப் போயிட்டு வந்தேன். சந்தோஷத்துல இன்னொரு தடவையும் போயிட்டு வந்தேன். டாக்டருக்குக் கண்ணு விரிஞ்சுபோச்சு. "இவ்வளவு நல்லா ஓடுதே! அப்ப நானே ஓட்டிக்கிறேனே"ன்னாரு. அப்பாதான் சொன்னாரு: "தொட்டியை வேற எது மேலயாவது வச்சுக்கங்க டாக்டர். வண்டி நாளையிலேருந்து வேலைக்குப் போகுது."

ஆகவே அக்கா, இதனால் தெரிவிப்பது என்னவென்றால், நான் காலேஜுக்குப் போகப்போவதில்லை. வண்டி எங்கேயும் போகப்போவதில்லை. உன் "சரிப்பா, தாராளமா"வை நீ மரியாதையாக வாபஸ் வாங்கிக்கொள். மூணு வருஷம் படிச்சுப் பட்டம் வாங்கினவனால முடியாத வேலையை, மூணு வாரத்துல என் மூளையாலயும் இந்தக் கையாலயும் முடிச்சிருக்கேன். கார்புரேட்டர்ல யாருக்காவது சந்தேகம்னா என்கிட்ட வரச் சொல்லு.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். குட்டியின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம். எல்லாரும் நோய் நொடியில்லாமல், பல் வலியில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காலேஜுக்குப் போகாத, போகவே போகாத
உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டுறதுக்கு முன்னாடி தானும் ரெண்டு வரி எழுதணும்னு அம்மா கடிதத்தை வாங்கினாங்க. எழுதல, உக்காந்து படிச்சாங்க. நடுவுல நிறுத்தி, "டேய், டேங்குக்கு அடியில இருக்கே ஒரு சின்ன டேப்பு, அதையா சொல்ற? அதைத் தினமும் படுக்கிறதுக்கு முன்னாடி நான்தானேடா மூடுறேன், அடுப்பு கேஸை மூடிட்டு. நாத்தம் தாங்கல"ன்னாங்க. "சனிக்கிழமை ராத்திரி?"ன்னேன். "அன்னிக்குத்தான் தலைவலின்னு படுத்துட்டேனே." ஆக, காலையில டேப்பு மூடியே இருந்ததால இத்தனை நாளா வண்டி கார்புரேட்டருக்குள்ள மிச்சம் கிடந்த ஒரு வாய் பெட்ரோல்ல கிளம்பி, அது தீந்ததும் நின்னிருக்கு. அதுக்கு ஒரு வியாதியும் இல்ல. அப்பா இப்ப எதிர்வீட்டுல டாக்டரை உக்கார வச்சு ஒண்ணேமுக்கால் சுத்தைப் பத்தி வகுப்பு எடுத்துக்கிட்டு இருக்காரு. அடுத்த ஞாயித்துக்கிழமை கிளட்சைப் பிரிக்கணுமாம், கையுறை வாங்கி வச்சிருக்காரு, எனக்கும் சேர்த்து. நான் அவர்கிட்ட சொல்லப்போறதில்ல. அம்மாவும் சொல்ல மாட்டாங்க. நீ வாயைத் திறந்தா அக்கான்னும் பார்க்க மாட்டேன். படிச்சதும் கிழிச்சுப் போடு.

ஆனா ஒண்ணரைதான் சரி.