நோடோணாவின் இருபத்து மூன்றாவது ஓட்டு

உலகத்திலேயே ஜனநாயகத்தை முழுதாக அனுபவித்தவர் ஒருவர்தான். அவர் மைசூர் விஜயநகரில், எங்கள் கிராஸ் தெருவின் கடைசி வீட்டில் இருந்தார். எதைக் கேட்டாலும் கன்னடத்தில் ‘நோடோணா’, அதாவது ‘பார்க்கலாம்’ என்பார். அதுவே பெயராகிவிட்டது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் பத்து வருடமாக ஒரே தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. அவர் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டதும் எங்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது. புதுத் தலைவருக்குத் தேர்தல்: இருபத்து மூன்று வீடு, வீட்டுக்கு ஓர் ஓட்டு. நான்காம் நாளே இரண்டு கட்சி, இரண்டு வேட்பாளர். வாட்ச்மேன் முத்துசாமியை அனுப்பிவிட்டு கேமரா வைப்போம் என்றது கேமரா கட்சி. வைக்க விடமாட்டோம் என்றது வாட்ச்மேன் கட்சி. டைரியில் கணக்குப் போட்டேன்: பதினொன்று, பதினொன்று, நோடோணா.

அன்றிலிருந்து அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காலையில் கேமரா கட்சியின் இட்லி. மாலையில் வாட்ச்மேன் கட்சியின் மைசூர்பாக்.

“முடிவு பண்ணிட்டீங்களா சார்?”

“நோடோணா. நேத்து நெய் கொஞ்சம் கம்மி.”

தமிழக எல்லையோர ஹனூர்க்காரரான முத்துசாமி மட்டும் வெறுங்கையோடு போய் நின்றார். “ஏனுங்க சார், என்ர பொழப்பே உங்க ஓட்டுலதானுங்க இருக்குது.”

“நோடோணா, முத்துசாமி.”

‘கல்மனசு’ என்று டைரியில் எழுதினேன்.

தேர்தல் அதிகாரி நான்தான். ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் மாலை நோடோணா வந்தார். “சமமா வந்தா என்ன சார் ஆகும்?”

“இருபத்து மூணுல சமம் எப்படி சார் வரும்?”

“இருக்கட்டும், ரூலை சொல்ப, கொஞ்சம் படிங்களேன்.”

படித்தேன்: சமமானால் அடுத்த தேர்தல்வரை பழைய ஏற்பாடே தொடரும். தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஓட்டுப் போடும் இடத்தில் மறைப்புக்கு என் வீட்டுப் போர்வை. அதற்குப் பின்னால் அவர் பதினான்கு நிமிடம் இருந்தார். எண்ணிப் பார்த்தால் பதினொன்று, பதினொன்று. கடைசிச் சீட்டில் இரண்டு வேட்பாளர் பெயரையும் அடித்து, கீழே ‘முத்துசாமி’ என்று எழுதியிருந்தது. செல்லாத ஓட்டு. முத்துசாமியின் வேலை பிழைத்தது.

“எங்களுக்கே போட்டிருந்தா ஜெயிச்சிருப்போமே சார்!” என்று வாட்ச்மேன் கட்சி கத்தியது.

“ஜெயிச்சுட்டா அடுத்த தடவை மைசூர்பாக் யார் கொடுப்பா?”

இப்போது அவர் பெங்களூரில் மகன் வீட்டில். எப்போது திரும்புவீர்கள் என்று போனில் கேட்டால், “நோடோணா.” இரு கட்சிகளும் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம், பூட்டிய அவர் வீட்டு வாசல் விளக்கை முத்துசாமி தினமும் போட வேண்டும் என்பது.

நான் கேமரா கட்சிதான். இருந்தாலும் தினமும் ஆறரைக்கு எட்டிப் பார்த்து, விளக்கு எரிகிறது என்று டைரியில் குறித்துக்கொள்கிறேன்.